'தொலை' இல்லாத கடிதம்

தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் கணக்கம்மா முதலில் செய்கிற வேலை, வந்து குவிந்திருக்கும் மோசடி அஞ்சல்களைப் படித்துவிட்டு ஏளனமாகச் சிரிப்பது. ஏதோ ஒரு நாட்டு இளவரசன் தன் சொத்தை வைத்துக்கொள்ள உலகத்தில் வேறு ஆளே கிடைக்காமல் அவளைத் தேடிப் பிடித்திருப்பான். அவள் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கும். அவளுக்குக் கணக்கே இல்லாத வங்கி ஒன்று, இன்று மாலைக்குள் அவளுடைய கணக்கை முடக்கப்போவதாக மிரட்டும்.

"அறிவுகெட்டவனுங்களா, திருடுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. கொஞ்சம் வேலை கத்துக்கிட்டு வந்து திருடக் கூடாதா?" என்று திரையைப் பார்த்துக் கேட்பாள். பிறகு ஒவ்வொன்றாகக் குப்பைக்குத் தள்ளுவாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் தேநீர்.

அது அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி; அங்கே கணக்கு எழுதுவதால்தான் அவள் கணக்கம்மா. கீழே இயந்திரங்கள், மேலே அலுவலகம். வெட்டும் இயந்திரம் ஒரு தடவை இறங்கினால் கணக்கம்மாவின் மேசை ஒரு தடவை குதிக்கும். பேனா வைத்த இடத்தில் இருக்காது. பசை வாடை படியேறி வந்து அலுவலகத்திலேயே குடியிருந்தது. விசைப்பலகையின் இடுக்குகளில் பழுப்புத் தூள் அடைந்து, சில எழுத்துகள் ஓங்கிக் குத்தினால்தான் விழும். அவளுக்கும் ஓங்கிக் குத்துவதில் ஆட்சேபணை இல்லை.

அந்த அலுவலகத்தில் அவள் மதிக்கிற மூளை ஒன்றே ஒன்றுதான். அது அவளுடையது. ஸ்டோர்காரருக்குப் போன வருஷம் ஒரு அஞ்சல் வந்தது: வாழ்த்துகள், உங்களுக்குப் புது செல்போன் பரிசு. மனிதர் பெயர், விலாசம், பிறந்த தேதி, பெண்டாட்டியின் பிறந்த தேதி வரை எழுதி அனுப்பிவிட்டு, கூரியர்காரன் வருவான் என்று வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததென்னவோ இன்னும் நூறு அஞ்சல்கள்தான். அன்றிலிருந்து கணக்கம்மா அவரை 'பரிசு' என்றுதான் கூப்பிடுகிறாள். "என்ன பரிசு, போன் வந்துச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். பாவம், அவரும் அசடு வழிய நிற்பார். கணக்கம்மாவுக்கு இரக்கம் வராது. ஏமாந்தவனைப் பார்த்தால் ஏமாற்றியவனைவிட அதிகமாக அவளுக்கு எரிச்சல் வரும்.

இனி முதலாளி. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவருக்குத் தொலைபேசியில் பேசப் பிடிக்காது. எல்லாம் மின்னஞ்சலில்தான். யாராவது கூப்பிட்டால் வெட்டிவிட்டு, "எழுதத் தெரியாதா?" என்று ஒரு வரி அனுப்புவார். அவருடைய அஞ்சலில் அன்புள்ளவும் இருக்காது, இப்படிக்கும் இருக்காது. ஒரு வரிக்கு மேல் போனால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். மாட்டேன் என்பதற்கு 'முடியாது' என்று எழுதுவார். சரி என்பதற்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்தான் 'தொலை'.

புது நாற்காலி வேண்டுமா? "வாங்கித் தொலை." மழை கொட்டுகிறது, ஆட்களைச் சீக்கிரம் அனுப்பலாமா? "அனுப்பித் தொலை." எவ்வளவு பெரிய நன்மையாக இருந்தாலும் அதன் வாலில் ஒரு தொலையைக் கட்டாமல் அவர் கையிலிருந்து வெளியே விட்டதில்லை. தன் ஒரே மகள் ஒருவனை விரும்புவதாக வந்து நின்றபோதும் அவர் சொன்ன ஆசீர்வாதம் "கட்டித் தொலை" என்பதுதானாம். அப்படிக் கட்டித் தொலைத்த ஆசாமிதான் இப்போது கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். வாட்ச்மேன் உட்பட எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

அந்தத் தொலை ஒட்டுவாரொட்டி மாதிரி கணக்கம்மாவின் வீட்டுக்கும் போயிருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பால்பல்கூட விழவில்லை. அம்மாவும் பெண்ணுமாக ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே வளர்ந்தார்கள். "சாப்பிட்டுத் தொலைடி" என்றால் பசிக்குமே என்று அர்த்தம். "தூங்கித் தொலையேம்மா" என்றால் களைத்துப் போயிருக்கிறாயே என்று அர்த்தம். மகள் வேலையும் கல்யாணமுமாக வேறு ஊருக்குப் போன பிறகும் தொலைபேசியில் அதே பாஷைதான்.

சில மாதங்களுக்கு முன்னால் முதலாளியின் பெயரில் ஒரு அஞ்சல் வந்தது. 'தயவுசெய்து காகித ஆலைக்குரிய தொகையைக் கீழ்க்கண்ட புதிய கணக்குக்கு இன்றே அனுப்பவும். மிக்க நன்றி.' கணக்கம்மா அதைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நன்றியாவது! அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததை அவள் அப்புறம்தான் கவனித்தாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

முதலாளியிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "'தயவுசெய்து'வா? நானா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். தன்னைப் போல எழுத ஒரு திருடனால்கூட முடியவில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"சரியாப் புடிச்ச. போய் வேலையப் பாத்துத் தொலை" என்றார்.

பதக்கம் குத்தினால்கூடக் கணக்கம்மா அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

இதற்கப்புறம் மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? மோசடி அஞ்சல்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஸ்டோர் அறையில் ஒரு வகுப்பு வைத்தான். பெட்டிக் கட்டுகள்மேல் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சுவரில் படம் ஓடியது. அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள், அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், சந்தேகம் என்றால் அனுப்பியவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவன் சொன்ன விதத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

கணக்கம்மா எழுந்தாள். "இவ்வளவு எதுக்கு மாப்பிள்ளை? முதலாளி லெட்டரா இருந்தா 'தொலை' இருக்கான்னு பாருங்க. இருந்தா அசல். இல்லேன்னா குப்பை."

தூங்கியவர்கள்கூட விழித்துக்கொண்டு கைதட்டினார்கள். ஸ்டோர்காரர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மறுநாள் ஒவ்வொரு கணினிக்கு மேலேயும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: 'தொலை இல்லையேல் தொடாதே.' தன் வாக்கியம் அச்சாகிச் சுவரேறியதைக் கணக்கம்மா போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை படித்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மகளின் பிரசவம் வந்து சேர்ந்தது.

மருமகனுக்குக் கப்பலில் வேலை. அவன் கரைக்கு வர இன்னும் நாளிருந்தது. மகளுக்கு அங்கே துணை என்றால் மாடி வீட்டு அம்மாள் ஒருத்திதான். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ இல்லாம நான் உள்ள போக மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் மகள். வாயாடிதான், ஆனால் குரல் நடுங்கியது.

"உன் கையப் புடிச்சுக்கிட்டு நான் இருப்பேன்டி. பயந்து தொலையாத."

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தக் கம்பெனியில் லீவு என்பது எழுதிக் கேட்டு, எழுதி வாங்க வேண்டிய வஸ்து. முன்பு பேக்கிங் மேற்பார்வையாளர் ஒருவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நேரில் போய்ச் சொன்னார். முதலாளி 'ம்' என்றார். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "நான் 'ம்'னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். போன்னு அர்த்தமா?" என்று முதலாளி கேட்டாராம். மனிதத்தன்மை என்பது இந்த மாதிரி இடங்களுக்கு வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறது.

ஆகவே கணக்கம்மா திங்கட்கிழமையே எழுதிப் போட்டாள். மகளுக்குப் பிரசவம், புதன்கிழமை மதியத்திலிருந்து லீவு வேண்டும். முதலாளி காகித ஆலைக்குப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். பதில் வரவில்லை. செவ்வாயும் போனது. புதன்கிழமை காலையில் துணிப்பையோடு வேலைக்கு வந்து, அதை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் சும்மா இருக்காமல் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் முதலாளியின் பெயரில் அஞ்சல் வந்தது. இதயம் தொண்டைக்கு ஏறியது. திறந்தாள்.

'மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் விடுப்பு வேண்டுகோள் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். தயவுசெய்து தாங்கள் விரும்பும் நாள்வரை தங்கள் அன்பு மகளுடன் இனிய தருணங்களைச் செலவிடுங்கள். அலுவலகத்தைப் பற்றிய கவலை தங்களுக்கு வேண்டாம். தங்கள் அர்ப்பணிப்புக்கு மனமார்ந்த நன்றி. என்றும் அன்புடன்.'

ஏறிய இதயம் அப்படியே இறங்கியது. இறங்கிய இடத்தில் எரிச்சல் பற்றிக்கொண்டது.

"சகோதரியாம்! இனிய தருணமாம்! அடேய், இந்த மனுஷன் கூடப் பிறந்த தங்கச்சியவே 'ஏய்'னுதான்டா கூப்பிடுவாரு!"

முகவரியைப் பார்த்தாள். இம்முறை எழுத்து ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அசல் முகவரிதான். பயல்கள் தேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பணம் கேட்கவில்லை, இணைப்பு எதுவும் இல்லை. அப்படியானால் எதற்காக அனுப்பியிருக்கிறார்கள்? அங்கேதான் கணக்கம்மாவின் அபார மூளை வேலை செய்தது. போன தடவை அவர்களைப் பிடித்தது யார்? அவள். அவள் இந்த நாற்காலியில் இருக்கிறவரை இந்தக் கம்பெனியில் அவர்கள் பருப்பு வேகாது. அதனால் முதலில் அவளை நாற்காலியிலிருந்து கிளப்ப வேண்டும். கிளப்பிவிட்டு, அவளுக்குப் பதிலாக உட்காருகிற பரிசு மாதிரி ஆளிடம் தங்கள் கைவரிசையைக் காட்டுவார்கள். லீவு கேட்ட கடிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் களவாணிகள்!

உலகத்திலுள்ள திருடர்களெல்லாம் ஒன்று கூடி உட்கார்ந்து தன்னைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று நம்ப ஒருத்திக்கு எவ்வளவு கர்வம் இருக்க வேண்டும்! கணக்கம்மாவுக்கு அது தாராளமாகவே இருந்தது.

ஆனாலும் வகுப்பில் சொன்னதை மதித்து முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போல வெட்டினார். பிறகு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் குனிந்து படித்தான். முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அட்ரஸ் மாமாவோடதேதான். அப்படின்னா மாமாவோட கணக்குக்குள்ளயே புகுந்துட்டாங்க. இது பெரிய கை வேலைங்க" என்றான். அவன் முகத்தில் கவலையைவிடக் குஷிதான் அதிகம். ஒருவழியாகத் தனக்கும் ஒரு திருடன் கிடைத்துவிட்டான்.

"நீங்க இதை மோசடின்னு குறிச்சுக் குப்பையில போடுங்க. நான் மாமாவோட பாஸ்வேர்டை உடனே மாத்திடறேன்."

மாற்றினான். அன்று மதியம் கணக்கம்மா மறுபடியும் முதலாளிக்கு எழுதினாள். சாயங்காலம் இன்னொரு தடவை எழுதினாள். பாஸ்வேர்டை மாற்றிவிட்ட பெட்டிக்குள் அந்த இரண்டும் போய் விழுந்து கிடந்தன. பூட்டைப் பூட்டியவனுக்குச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"இன்னும் லெட்டர் வரலடி. நாளைக்குக் காலையில முதலாளி வந்துடுவாரு. நேர்ல கேட்டு வாங்கிட்டுக் கிளம்பிடறேன். மத்தியானத்துக்குள்ள அங்க இருப்பேன்" என்று மகளிடம் சொன்னாள்.

மகள் "சரி" என்றாள். திட்டியிருந்தால் கணக்கம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அவள் கணினியைத் திறப்பதற்குள் மாடி வீட்டு அம்மாள் கூப்பிட்டுவிட்டாள். விடிவதற்கு முன்பே வலி வந்துவிட்டதாம். "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கதவு மூடற வரைக்கும் அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சான்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தா. நீங்க எங்கதான் இருக்கீங்க?"

கணக்கம்மா பையைத் தூக்கினாள். லெட்டராவது மண்ணாவது, வேலை போனால் போகட்டும். தடதடவென்று படியிறங்கினாள். பாதிப் படியில் முதலாளி ஏறி வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"நீ இன்னும் போய்த் தொலையலையா?" என்றார்.

கணக்கம்மா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "லீவு... நீங்க பதிலே போடலையே சார்."

"போடலையா? நேத்தே எழுதினேனே, போய்த் தொலைன்னு! எவ்வளவு நாள் வேணும்னாலும் இருந்து தொலைன்னுகூட எழுதினேன். அப்புறம் அந்தச் சனியன் பெட்டி திறக்கவே மாட்டேங்குது, என்னையே யாருன்னு கேக்குது."

சத்தம் கேட்டு மாப்பிள்ளை மேல்படியில் வந்து நின்றான். ஒரு நொடி விழித்தான். பிறகு அவன் முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே!

"மாமா... உங்க போன்ல நான் ஒண்ணு போட்டு வச்சேன்ல... போன வாரம்..."

போன வாரம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு முதலாளி 'சரக்கு ரெடி, எடுத்துத் தொலை' என்று எழுதப்போக, அந்த ஆள் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்காக மாப்பிள்ளை மாமனாரின் செல்போனில் ஒரு செயலியைப் போட்டிருந்தான். அவர் என்ன எழுதினாலும் அதைப் பணிவாக மாற்றி அனுப்பிவிடும். போட்டவன் அதை அப்படியே மறந்தும்விட்டான்.

கணக்கம்மா தன் செல்போனில் குப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். முதலாளி படியிலேயே நின்று வாய்விட்டுப் படித்தார். "'மதிப்பிற்குரிய சகோதரி'... 'இனிய தருணங்களை'... 'என்றும் அன்புடன்'..." அவருடைய குரல் போகப்போகக் கம்மியது. தன் பெயரில் யாரோ அம்மணமாகத் தெருவில் ஓடியதைக் கேள்விப்பட்டவர் மாதிரி நிமிர்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு படி பின்னால் ஏறினான்.

அதன் பிறகு அவருடைய கோபம் கணக்கம்மாமேல் திரும்பியது. "இத்தனை வருஷத்துல ஒரு நல்லது பண்ணேன். அதையும் குப்பையில போட்டுட்டியா?"

கணக்கம்மாவுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "நல்லதை நல்ல வார்த்தையில சொல்லிப் பழகியிருந்தீங்கன்னா நான் எதுக்கு சார் குப்பையில போடப் போறேன்? ஒரு வார்த்தை நன்றின்னு உங்க பேர்ல வந்தா திருடன்தான் எழுதியிருப்பான்னு இந்தக் கம்பெனியே நம்புது. அதை நீங்களே சிரிச்சு ரசிச்சீங்க."

கீழே வெட்டும் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவருக்குத் தெரிந்த சொற்களில் இதற்குப் பொருத்தமானது ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. கடைசியில் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"டிரைவர்! இந்த அம்மாவ அவங்க பொண்ணுகிட்ட கொண்டுபோய் விட்டுத் தொலை!"

'அம்மா' என்று சொன்னதை அவரே கவனித்தாரோ என்னவோ.

பாதி வழியில் மாடி வீட்டு அம்மாள் மறுபடி கூப்பிட்டாள். பெண் குழந்தை. இருவரும் நலம். கணக்கம்மா "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு செல்போனை மடியில் வைத்தாள். சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்ன கை, அந்த நேரத்தில் ஒரு படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நியாயம் பேசியிருக்கிறது.

"பெரிய புத்திசாலி. ஊரெல்லாம் முட்டாள், இவ ஒருத்தி புத்திசாலி" என்று முணுமுணுத்தாள். ஓட்டுநர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஸ்டோர்காரர் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் வராத ஒன்றை வருமென்று நம்பினார். இவள் வந்ததை வரவில்லை என்று நம்பினாள். இருவரில் யாரைப் பரிசு என்று கூப்பிடுவது?

ஆஸ்பத்திரியில் வெளிர்பச்சைச் சுவர், மருந்து வாடை, சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டி. வார்டின் கோடியில், ஜன்னலோரக் கட்டிலில் மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் துணிச்சுருள். அதிலிருந்து ஒரு சிவந்த நெற்றி மட்டும் தெரிந்தது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கம்மா" என்றாள். "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? தயவுசெஞ்சு உக்காருங்க. வேலையெல்லாம் விட்டுட்டு வந்ததுக்கு ரொம்ப நன்றி."

கணக்கம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவளை 'வா, போ' என்று மட்டுமே பேசிய வாய் அது. முகம் மகளுடையது, குரல் மகளுடையது, முகவரியில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஆனால் இந்த 'வாங்க' அவள் மகளிடமிருந்து வந்ததல்ல. வாழ்க்கையில் எத்தனையோ போலிகளைப் பார்த்துச் சிரித்தவளுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. குப்பையில் தள்ள இங்கே பொத்தான் இல்லை. தள்ளவும் முடியாது, அவ்வளவும் அவள் சம்பாதித்தது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கேட்க வாய் வரவில்லை.

"லீவு லெட்டர் நேத்து மத்தியானமே வந்துடுச்சுடி" என்றாள்.

மகளின் கண் சிவந்தது. "வந்துடுச்சா? அப்புறமும் ஏன் வரல?"

"நான்தான் குப்பையில போட்டுட்டேன்."

"என்னது?"

"அதுல தொலை இல்லடி."

மகளுக்குப் புரியவில்லை. கணக்கம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளையின் செயலி, மதிப்பிற்குரிய சகோதரி, தன்னை நாற்காலியிலிருந்து கிளப்பத் திருடர்கள் போட்ட சதி, தானே சுவரில் ஏற்றிய வாக்கியம், படியில் நின்று முதலாளி வாசித்த இனிய தருணங்கள். எதையும் ஒளிக்கவில்லை. தன்னைக் கெட்டிக்காரியாகக் காட்டிக்கொள்ளாமல் அவள் ஒரு கதையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

"உன்கூட நிக்கறேன்னு சொன்னேன். நிக்கல. அதுக்கு எந்தச் சமாதானமும் என்கிட்ட இல்ல" என்று முடித்தாள்.

மகள் அவளையே பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உதடு மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் கோணியது. மெதுவாக வயிறு குலுங்க ஆரம்பித்தது. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"திருடனுங்க... உன்ன... நாற்காலியிலேர்ந்து..." சொல்லி முடிக்க முடியவில்லை. வலியில் முகம் சுளித்தது, சிரிப்பும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. "ஐயோ, சிரிக்க வச்சுத் தொலையாதம்மா! தையல் இழுக்குது!"

கணக்கம்மாவுக்குக் காது குளிர்ந்தது.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையிலிருந்த துணிச்சுருளை அவள் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு இன்னும் கோவம் போகல, ஆமா. இவள வாங்கித் தொலை. கை கடுக்குது."

கணக்கம்மா இரண்டு கைகளையும் நீட்டிப் பேத்தியை வாங்கிக்கொண்டாள்.